106 டாலரும் ஓர் இயந்திர மனிதனும்

உபாத்தியாயர்களுக்குக் கோடை விடுமுறை என்று ஒன்று இருப்பதைக் கண்டு உலகம் பொறாமைப்படுகிறது. அந்த விடுமுறையில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் உலகம் விசாரிப்பதில்லை. பெரும்பாலும் விடைத்தாள் திருத்துகிறார்கள். சென்ற கோடையிலே நாமும் பகற்பொழுதை அப்படித்தான் கழித்தோம். ஆனால் மாலை வேளைகளில் நமது வீட்டில் ஒரு விசித்திரமான விரதம் அனுஷ்டிக்கப்பட்டது. ஆறு மாலைகளில் ஆறு படங்கள். ஆறுக்கும் கதாநாயகன் ஒருவனே. ஆறையும் எழுதியவரும் ஒருவரே.

விரதத்தை ஆரம்பித்து வைத்தவன் நமது புத்திரன். அவனுக்குக் குத்துச் சண்டையென்றால் உயிர். நமக்கு அதில் அவ்வளவு பிரியமில்லை. மனிதர்கள் ஒருவர் மூக்கை ஒருவர் உடைத்துக் கொள்வதைப் பார்ப்பதற்கு ஹாலிவுட் வரையில் போக வேண்டுமா, மாலை நாலரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றால் போதாதா என்பது நமது அபிப்பிராயம். ஆயினும் மூன்றாவது மாலைக்குள் சண்டையை மறந்து, சண்டையை எழுதியவரையே கவனிக்க ஆரம்பித்து விட்டோம். ஒரு மனிதர் கையில் காசில்லாதபோது எழுதிய கதையையும், மாளிகைவாசியான பிறகு அதே கதாநாயகனை வைத்து எழுதிய கதைகளையும் அடுத்தடுத்துப் பார்க்கும் வாய்ப்பு எளிதில் கிடைப்பதன்று. கதாசிரியர்கள் பணக்காரர்களானால் சாதாரணமாகக் கதாநாயகனை மாற்றி விடுவார்கள். நமக்கு ஒப்பிட்டுப் பார்க்க வழியிருக்காது. ஸில்வெஸ்டர் ஸ்டாலோன் என்ற இந்த அமெரிக்கர் அப்படிச் செய்யவில்லை. 'ராக்கி' என்ற ஒரே பாத்திரத்தை 1976 முதல் 2006 வரை முப்பது வருஷம் கூடவே வைத்துக் கொண்டிருந்தார்.

கதை 1975-ம் வருஷம் மார்ச் 24-ந் தேதி தொடங்குகிறது. அன்று ஒஹையோ மாகாணத்தில், கிளீவ்லண்டு நகருக்கு அருகே, உலக வீரர் முகம்மது அலியை எதிர்த்துச் சக் வெப்னர் என்பவர் மேடை ஏறினார். வெப்னர் நியூஜெர்ஸி மாகாணத்துக்காரர். அடிபட்டு ரத்தம் சிந்துவதிலேயே அதிகப் பெயர் எடுத்திருந்தவர். மூன்று சுற்று கூடத் தாங்கமாட்டார் என்று பலர் நினைத்திருந்தார்கள். அவரோ ஒன்பதாவது சுற்றில் அலியைத் தரையில் விழச் செய்து விட்டார். முடிவில் தோற்றது வாஸ்தவம்; ஆனால் பதினைந்தாவது சுற்றின் கடைசியில், இன்னும் 19 விநாடி மீதியிருக்கும்போதுதான் தோற்றார்.

அந்தச் சண்டையைத் திரையில் பார்த்தவர்களில் ஒருவர் ஸ்டாலோன். வயது 28. பிறந்தபோது மருத்துவர் பிரயோகித்த ஆயுதத்தால் முகத்து நரம்பு ஒன்று அறுபட்டு, உதட்டின் ஒரு பக்கம் தொங்கிப்போய், பேச்சுக் குழறும். அத்தகைய முகத்துக்குச் ஸினிமாவில் கிடைத்தவையெல்லாம் அடியாள் வேஷங்களே. பாங்கியில் இருந்தது 106 டாலர் என்று அவரே பிற்காலத்தில் பல தடவை சொல்லியிருக்கிறார். தீனி போட வழியில்லாமல் தம் நாயை நாற்பது ஐம்பது டாலருக்கு விற்று விட்டார். அந்த நிலையில் மூன்றரை நாளில், நோட்டுப் புத்தகத்தில், பேனாவினால் 'ராக்கி'யின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். பிறகு அதைப் பன்முறை அடித்துத் திருத்தினார் என்பதையும் சொல்லி விடுவோம். மூன்றரை நாள் கதையை மட்டும் கேட்டுவிட்டுத் திருத்துவதே பாபம் என்று நினைக்கும் மாணவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

கதையைப் படித்த படமுதலாளிகளான விங்க்ளர், சார்ட்டாப் இருவருக்கும் அது பிடித்துப் போயிற்று. ஒரே ஒரு நிபந்தனை: பிரபல நடிகர் ஒருவரே ராக்கியாக நடிக்க வேண்டும். ஸ்டாலோனுக்கும் ஒரே ஒரு நிபந்தனை: ராக்கியாகத் தாமே நடிக்க வேண்டும். கதைக்குப் பேசிய விலை ஏறிக்கொண்டே போய் மூன்று லக்ஷம் டாலரையும் தாண்டியது என்பார்கள். பாங்கியில் 106 டாலர் வைத்திருந்தவர், "மாட்டேன்" என்றார். நாமாயிருந்தால் இரண்டாவது லக்ஷத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு நாயை மீட்கப் போயிருப்போம். கடைசியில் முதலாளிகள் இணங்கினார்கள். ஆனால் படத்துக்கு ஒதுக்கிய தொகையைக் குறைத்து விட்டார்கள். சுமார் பத்து லக்ஷம் டாலரில், 28 நாட்களில் படம் பிடித்து முடிந்தது.

இந்தத் தரித்திரம் கதைக்குள்ளேயே புகுந்து வேலை செய்த விதம் நமக்கு மிகவும் ரஸமாயிருந்தது. ராக்கி பிலடெல்பியா நகரத்துச் சந்து பொந்துகளில் வாழ்பவன். வட்டிக்காரன் ஒருவனுக்காகக் கடன் வசூலிக்கிறான். கடன் கொடாதவனின் கட்டை விரலை ஒடித்து வா என்று எஜமானன் அனுப்புகிறான். இவனோ ஒடிக்காமல் திரும்பி வந்து திட்டு வாங்குகிறான். பிராணிகள் விற்கும் கடையில் வேலை செய்யும் அட்ரியன் என்ற கூச்ச சுபாவமுள்ள பெண்ணிடம் அவனுக்கு அன்பு. அவளைப் பனிக்கட்டிச் சறுக்கு மைதானத்துக்கு அழைத்துப் போகிறான். முதலில் எழுதிய கதையில் அந்த மைதானம் நிறைய ஜனங்கள். அத்தனை துணை நடிகர்களுக்குக் கூலி கொடுக்கப் பணமில்லை. ஆகவே காட்சியை மாற்றி எழுதினார். மைதானம் மூடிவிட்டது, காவற்காரனிடம் கெஞ்சிப் பத்து டாலர் கொடுத்துப் பத்து நிமிஷம் வாங்குகிறான் ராக்கி. வெறிச்சென்ற அந்தப் பெரிய கூடத்தில் அவள் தயங்கித் தயங்கிச் சறுக்க, அவன் சாதாரண ஜோடுகளுடன் பக்கத்தில் ஓடிக்கொண்டே பேசுகிறான். காவற்காரன் நிமிஷங்களை எண்ணிக் கத்துகிறான். நமது இல்லத்தரசி ஸினிமாவில் எளிதில் மனம் இளகுகிறவள் அல்ல. அவள் கையிலிருந்த கீரைக்கட்டை ஆயாமல் வைத்துவிட்டுப் பார்த்த ஒரே காட்சி இதுதான்.

இன்னொன்று. சண்டைக்காகத் தைத்த அங்கி ராக்கிக்கு மிகவும் பெரிதாகப் போய்விட்டது. விளம்பரப் படத்தில் அவன் அணிந்திருந்த கால்சட்டையின் நிறமும் தவறு. வேறு தைக்கவோ வரையவோ பணமில்லை. ஸ்டாலோன் என்ன செய்தார்? அங்கி பெரிதாயிருக்கிறதென்று ராக்கியையே சொல்ல வைத்தார். சண்டைக்கு முந்தின இரவு தனியாக மண்டபத்துக்குப் போய், படத்தில் நிறம் தப்பாயிருக்கிறதென்று அவன் சொல்வதாகவும், ஏற்பாடு செய்தவர் அதனால் என்ன என்று தட்டிக் கழிப்பதாகவும் எழுதினார். அந்த ஒரு விநாடியில், இந்த ஊரில் இவனை யாரும் பொருட்படுத்தவில்லை என்பது நமக்கு விளங்கிப் போகிறது. ராக்கி வீட்டுக்குத் திரும்பி வந்து, தன்னால் ஜயிக்க முடியாது என்று அட்ரியனிடம் ஒப்புக் கொள்கிறான். கடைசிச் சுற்று வரையில் காலில் நின்றுவிட்டால் போதும், தான் ஒரு வெறும் தெருப்பொறுக்கி அல்ல என்று தனக்கே தெரிந்துவிடும் என்கிறான்.

மறுநாள் அவன் தோற்கிறான். உலக வீரன் அபாலோ கிரீடுக்கு மத்தியஸ்தர்கள் வெற்றியைக் கொடுக்கிறார்கள். அது ராக்கியின் காதில் விழவே இல்லை. அட்ரியன் பெயரைச் சொல்லிக் கூவிக் கொண்டிருக்கிறான். "தோத்துட்டாரே அப்பா, அப்புறம் ஏன் சந்தோஷமா இருக்கார்?" என்று நமது பையன் கேட்டான். நாம் உபாத்தியாயர் தோரணையில் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவன் அம்மா, "பேசாமல் படு" என்று சொல்லி விட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது என்பது நமது சந்தேகம்.

அப்புறம் லக்ஷ்மி கடாக்ஷம் பொழிந்தது. படம் அமெரிக்காவில் மட்டும் 11 கோடியே 70 லக்ஷம் டாலர் வசூலித்தது. 1977-ல் அந்த வருஷத்துச் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. ஒரே படத்துக்காக நடிப்புக்கும் கதைக்கும் சேர்த்துப் பரிசுக்குச் சிபாரிசு செய்யப்பட்டவர்கள் அதற்கு முன் இருவர்தான்: சார்லி சாப்ளின், ஆர்ஸன் வெல்ஸ். நாயும் பல மடங்கு விலைக்குத் திரும்ப வாங்கப்பட்டது. படத்தில் அதுவும் நடித்திருக்கிறது. இந்தச் சந்தடியில் சக் வெப்னரை நேயர்கள் மறந்திருக்கலாம். அவர் மறக்கவில்லை. தம் கதையினால் பிறர் பிழைத்தார்கள், தமக்கு ஒன்றுமில்லையே என்று 2003-ல் ஸ்டாலோன் மீது வழக்குத் தொடுத்தார், 2006-ல் ராஜியாயிற்று. அதே ஸ்டாலோன், ராக்கியின் உரிமையில் தமக்கு ஒரு பங்கும் இல்லையே என்று 2019-ல் பகிரங்கமாகக் குறைப்பட்டுக் கொண்டார். ஒரே குறை இரண்டு படிகளில் நின்று கேட்கிறது.

இரண்டாவது படம் 1979-ல் வந்தது. புதிதாகப் பணம் பார்த்தவனின் அசட்டுத்தனம் அதில் நன்றாக இருக்கிறது. ராக்கி வீடு வாங்குகிறான், கார் வாங்குகிறான், புலிப்படம் போட்ட மேற்சட்டை வாங்குகிறான். விளம்பரப் படமொன்றில் நடிக்கப் போய், எழுதிக் காட்டியதைப் படிக்கத் தெரியாமல் அவமானப்படுகிறான். இவையெல்லாம் நேற்றுத்தான் பணம் கண்ட ஒருவர் எழுதியவை, பொய்யில்லை. ஆனால் முடிவு மாறி விட்டது. பதினைந்தாவது சுற்றில் இருவரும் விழுகிறார்கள். ராக்கி மட்டும் பத்து எண்ணுவதற்குள் எழுந்து விடுகிறான். உலக வீரனாகிறான். கொட்டகைகளில் ஜனங்கள் ஆரவாரித்திருப்பார்கள். நமது வீட்டிலும் ஒருவன் சோபாவின் மேல் ஏறி ஆரவாரித்தான். அன்றிரவு அவன் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை என்பதை மட்டும் நாம் குறித்துக் கொண்டோம்.

மூன்றாவது படத்தைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்லவேண்டும். 1982-ல் அது வந்தபோது ஸ்டாலோனுக்கு உலகமெங்கும் பெயர். தமக்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைக் கதையாகவே எழுதி விட்டார். ராக்கி மாளிகையில் வசிக்கிறான். பத்திரிகை அட்டைகளிலும் விளம்பரங்களிலும் சிரிக்கிறான். அவனுக்குச் சிலை திறக்கிறார்கள். சண்டைக்குப் பழகுவதோ ஹோட்டல் கூடத்தில், பாண்டு வாத்தியமும் ரஸிகர் கூட்டமும் சூழ. அதே சமயம் கிளப்பர் லாங் என்ற எதிரி ஒருவன், ஆள் அரவமற்ற இருட்டறையில் தனியாகத் தேகப்பயிற்சி செய்கிறான். முதல் படத்தில் ராக்கி இருந்த இடத்தில் இப்போது அவன் இருக்கிறான். கிழட்டு ஆசான் மிக்கி உண்மையை உடைத்துச் சொல்கிறான்: ராக்கி வென்ற எதிரிகள் எல்லாம் அவனால் வெல்லக் கூடியவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தவர்கள், வயிறு நிறைந்து நாகரிகம் அடைந்த பிறகு சண்டைக்காரனுக்கு ஆபத்துத்தான். தம் வியாதியை இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்த நோயாளியை நாம் கதை உலகில் அதிகம் கண்டதில்லை.

கண்டுபிடித்தாரே தவிர, மருந்து சாப்பிடவில்லை! ராக்கி முதலில் கிளப்பர் லாங்கிடம் தோற்கிறான். மிக்கி இறந்து போகிறான். பழைய பகைவன் அபாலோ அவனை லாஸ் ஏஞ்ஜல்ஸ் நகரத்து ஏழைகளின் பயிற்சிக்கூடம் ஒன்றுக்கு அழைத்துப் போய், இழந்த பசியைத் திரும்பப் பெற்றுத் தருகிறானாம். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் சங்கீதம். பசி வந்து விடுகிறது. படம் முடிவதற்குள் வெற்றி. முதல் படத்தில் மிக்கி ராக்கியின் அறைக்கு வந்து, தன்னை மானேஜராக வைத்துக் கொள்ளும்படி வேண்டுகிற காட்சி ஒன்று உண்டு. பத்து வருஷம் கவனியாமல் இருந்துவிட்டு இப்போது வந்தாயா என்று, கிழவன் படியிறங்கிப் போன பிறகு, மூடிய கதவைப் பார்த்து ராக்கி கத்துகிறான். பிறகு ஓடிப்போய் அவன் தோளைப் பிடிக்கிறான். வெகு தூரத்திலிருந்து, பேச்சு நம் காதில் விழாமல், அதைக் காண்கிறோம். அந்த ஒரு காட்சிக்குக் கொடுத்த பொறுமை மூன்றாவது படம் முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்கவில்லை. அதற்குச் சாமர்த்தியம் குறைந்தது காரணமல்ல. கதவைப் பார்த்துக் கத்துகிறவனின் வீடு அவருக்குத் தொலைவாகி விட்டது. இது நமது அபிப்பிராயம்.

அந்தப் படத்துக்காகச் செய்த வெண்கலச் சிலையைப் பிலடெல்பியா கலைக்கூடத்தின் படிகளுக்கு உச்சியில் வைத்தார்கள். அது கலையா, ஸினிமாச் சாமானா என்று ஊரில் பெரிய தர்க்கம் எழுந்து சிலை இடம் பெயர்ந்தது. 2006-ல் அதே படிகளின் அடிவாரத்துக்குத் திரும்பி வந்தது. கதையில் வந்த சிலைக்கே இவ்வளவு யோகம்!

நான்காவது மாலை. 1985-ம் வருஷத்துப் படம். ராக்கியின் மைத்துனன் பாலிக்குப் பிறந்தநாள் பரிசாக ஓர் இயந்திர மனிதன் வருகிறது. வீட்டுக்குள் நடமாடுகிறது, பேசுகிறது, கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்கிறது. நமது குழந்தைகள் கை கொட்டினார்கள். நாமோ, முதல் படத்தில் ராக்கி விடியற்காலையில் பச்சை முட்டைகளை உடைத்துக் குடித்த அந்த அழுக்கு அறையை நினைத்துக்கொண்டோம். பிறகு அபாலோ ஒரு ருஷ்ய வீரனின் கையால் மேடையிலேயே மாண்டு போகிறான். ராக்கி பழி வாங்க ருஷ்யாவுக்குப் போகிறான். அங்கே ருஷ்யன் இயந்திரங்களின் நடுவே பழகுகிறானாம். ராக்கி பனியில் மரக்கட்டை சுமந்து பழகுகிறானாம். எளிமையே வெல்லும் என்பது கருத்து. வீட்டில் இயந்திர மனிதனை வைத்திருப்பவர் யார் என்பதைக் கதாசிரியர் அதற்குள் மறந்து விட்டார்.

படம் ஓடுவது ஒன்றரை மணி நேரம். அதிலும் பெரும்பகுதி பாட்டும் ஓட்டமும். நண்பனை இழந்த ராக்கியின் துக்கத்தைக் காட்டவேண்டிய இடத்தில் அவன் இரவில் கார் ஓட்டிக்கொண்டு போகிறான். திரையில் முந்தைய படங்களிலிருந்து வெட்டிய துண்டுகள் ஓடுகின்றன. ஏழையாயிருந்தபோது சேர்த்த உணர்ச்சியை எடுத்துச் செலவழித்தாகிறது. "இந்த வீட்டிலே யாரும் யாரோடும் பேசறதே இல்லையே?" என்றாள் நமது இல்லத்தரசி. பத்திரிகை விமரிசகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதையெல்லாம் அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டதாக நமக்குத் தோன்றியது. ஆனால் வசூலில் இதுதான் ஆறிலும் முதலிடம். உலகமெங்கும் சுமார் 30 கோடி டாலர். மகாஜனங்கள் பணம் கொடுத்துக் கேட்டதைக் கொடுத்தவரை எப்படிக் குறை சொல்வது என்று கேட்பவர்களும் உண்டு. கேட்கட்டும். முதல் படத்தை ஜனங்கள் கேட்கவே இல்லையே! ஒருவரும் கேளாததை அல்லவா அவர் அப்போது கொடுத்தார்?

ஐந்தாவது படம் 1990-ல். கணக்கர் ஒருவரின் மோசடியால் ராக்கியின் சொத்தெல்லாம் போய், பழைய தெருவுக்கே குடும்பத்தோடு திரும்பி வருகிறான். ஏழ்மையை விட்டதால் கதை கெட்டது, ஏழ்மையைத் திரும்பக் கொண்டுவந்தால் சரியாய்ப் போகும் என்று நினைத்திருப்பார்கள் போலும். முதல் படத்தின் டைரக்டரையே மறுபடியும் அழைத்து வந்தார்கள். பழைய தெரு, பழைய தொப்பி, பழைய சட்டை. பலிக்கவில்லை. கதையின் முதல் வடிவத்தில் தெருச் சண்டையில் ராக்கி இறந்து போவதாக இருந்தது. பிறகு அதுவும் மாற்றப்பட்டது. பணம் காய்க்கும் மரத்தை வெட்ட யாருக்கு மனம் வரும்? இந்தப் படத்தைத் தாம் எடுத்ததற்குப் பேராசையே காரணம் என்று ஸ்டாலோன் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

இங்கே நமது தொழில் அநுபவம் ஒன்றைச் சொல்ல அநுமதிக்க வேண்டும். 'ஓர் ஏழையின் வீடு' என்று வியாசம் எழுதச் சொன்னால், சௌகரியமான வீட்டுப் பிள்ளைகள் எழுதும் அத்தனை வீடுகளிலும் ஒழுகும் கூரை ஒன்று, மங்கிய விளக்கு ஒன்று, இருமும் பாட்டி ஒருத்தி. ஒரு சமயம், விடியற்காலையில் பால் ஊற்றிவிட்டுப் பள்ளிக்கு வரும் பையன் ஒருவன் அதே வியாசத்தை எழுதினான். அதில் கூரையும் இல்லை, பாட்டியும் இல்லை. தூக்குவாளியின் கம்பி விரலில் எந்த இடத்தில் அறுக்கும் என்று எழுதியிருந்தான். ஐந்தாவது படத்தில் கூரையும் விளக்கும் பாட்டியும் இருந்தார்கள். கம்பி இல்லை.

பிறகு பதினாறு வருஷம் ராக்கி மௌனம். அதற்குள் ஸ்டாலோனுக்கு வயதாயிற்று. 2000, 2001 வருஷங்களில் வந்த அவருடைய படங்கள் விழுந்தன. அறுபது வயதில் மறுபடியும் குத்துச் சண்டை வீரனாகவா என்று ஊர் சிரித்தது. பணம் போய்விடவில்லை, அவர் ஏழையாகி விட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். போனது வேறு. அதையே எழுதினார்.

2006-ம் வருஷத்து ஆறாவது படத்தில் அட்ரியன் இல்லை, இறந்து போய்விட்டாள். ராக்கி அவள் பெயரில் ஒரு சிற்றுண்டிச்சாலை நடத்துகிறான். சாப்பிட வருகிறவர்களின் மேஜைக்கு மேஜை போய்ப் பழைய சண்டைக் கதைகளைச் சொல்கிறான். அதுதான் இப்போது அவன் உத்தியோகம். கல்லறைக்குப் போனால் உட்காருவதற்கு ஒரு மடக்கு நாற்காலி. அதை அங்கேயே ஒரு மரக்கிளையில் செருகி வைத்திருக்கிறான். தினந்தோறும் வருகிறவன் என்று அதனாலேயே தெரிகிறது. இதை வசனத்தில் சொல்லவில்லை. மைத்துனனைக் கூட்டிக்கொண்டு அந்தச் சறுக்கு மைதானத்துக்குப் போகிறான். கட்டிடத்தை இடித்துப் போட்டிருக்கிறார்கள். கற்குவியலின் நடுவே நின்று, அவள் இங்கேதான் சறுக்கினாள் என்கிறான். கீரைக்கட்டு மறுபடியும் கீழே வைக்கப்பட்டது.

முடிவில் மேடை ஏறுகிறான், தன்னைவிட எவ்வளவோ இளையவனான உலக வீரனோடு கடைசிச் சுற்று வரையில் நிற்கிறான், தோற்கிறான். முப்பது வருஷத்துக்கு முன் போலவே மத்தியஸ்தர்களின் தீர்ப்பைக் கேட்க நிற்காமல் போய் விடுகிறான். தோல்வியை எழுத அந்த மனிதருக்கு மறுபடியும் தைரியம் வந்ததைக் கண்டு நமக்குச் சந்தோஷமாயிருந்தது. அந்தக் கதையில் பட்டினி இல்லை என்பதையும் கவனித்தோம். சாப்பாட்டுக் கடைக்காரனுக்குப் பட்டினி ஏது? தமக்கு இல்லாத பசியை ஐந்தாவது படத்தில் வருவித்துப் பார்த்தவர், ஆறாவதில் தமக்கு இருந்த வயோதிகத்தை எழுதினார்.

இத்துடன் விரதம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஏழாவது மாலையும் ஒன்று சேர்ந்து கொண்டது. தம் 75-வது வயதில், 2021-ல், ஸ்டாலோன் அந்த நான்காவது படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பழைய சுருள்களையெல்லாம் புரட்டி, மறுபடியும் வெட்டி ஒட்டி ஒரு புதிய வடிவம் வெளியிட்டார். அதையும் பார்த்தோம். சம்பாஷணைகள் கொஞ்சம் கூடியிருக்கின்றன. அபாலோவின் மரணத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறார். இயந்திர மனிதனை அடியோடு எடுத்து விட்டார். இருந்த சுவடே தெரியவில்லை.

முப்பத்தாறு வருஷம் கழித்தாவது ஒரு மனிதர் தம் வியாசத்தைத் தாமே திருத்தினாரே என்று நமக்கு உபாத்தியாயர் மனம் குளிர்ந்தது. அதை வாய் விட்டும் சொன்னோம். நமது சின்னப் பெண்ணோ கடைசி வரையில் காத்திருந்து, விளக்கைப் போட்டதும் அழுகிற குரலில் கேட்டாள்:

"ரோபோ எங்கே அப்பா?"